சர்வர் சந்தேகங்கள்: ஹியராவுக்கு எத்தனை அடுக்கு வேண்டும்?

இந்த முறை வந்த கடிதங்களில் பப்பெட் (பல சர்வர்களை ஒரே இடத்திலிருந்து அமைத்துப் பராமரிக்கும் கருவி), ஹியரா (அதற்கு வேண்டிய மதிப்புகளைத் தனி ஃபைல்களில் வைக்கும் அதன் பகுதி) பற்றியவைதான் அதிகம். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஃபைல் பெயர், கட்டளை எல்லாவற்றையும் இந்தப் பக்கத்தின் வழக்கப்படி தமிழிலேயே எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்கா, நான் கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சிஸ்டம் அட்மினாக இருக்கிறேன். எங்களிடம் அறுபது லினக்ஸ் சர்வர்கள். பெரும்பாலானவை எங்கள் அலுவலகத்திலும் சென்னை டேட்டா சென்டரிலும் இருக்கின்றன, சில மட்டும் சிங்கப்பூர் கிளவுடில். பாதி உபுன்டு, பாதி ராக்கி லினக்ஸ். பப்பெட் இரண்டு வருடமாக ஓடுகிறது. ஆனால் மேனிஃபெஸ்ட் (பப்பெட்டுக்கு நாங்கள் எழுதும் கோடு) முழுக்க ‘சிங்கப்பூர் என்றால் இது, ராக்கி என்றால் அது’ என்று இஃப், எல்ஸ் நிரம்பிக் கிடக்கிறது. ஹியரா போட்டால் சரியாகும் என்கிறார் எங்கள் லீட். தேடிப் பார்த்தால் ஆளுக்கொரு மாதிரி சொல்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: தம்பி, உங்கள் லீட் சொல்வது சரிதான். ஹியராவைப் ‘போடுவது’ பெரிய வேலையே இல்லை. தனியாக நிறுவவும் வேண்டாம், 2012 இல் வந்த பப்பெட் 3 முதலே அது கூடவே வருகிறது. நேரம் பிடிப்பது வேறு வேலை: எந்த மதிப்பு எதைப் பொறுத்து மாறுகிறது என்று கண்டுபிடிப்பது. அதை ஒரு தாளில் எழுதி முடிக்கும்வரை யாமல் ஃபைலைத் (ஹியரா மதிப்புகளை எழுதும் டெக்ஸ்ட் ஃபைல்) திறக்காதீர்கள்.

ஹியரா என்ன செய்கிறது? ஒரு கீயை, அதாவது மதிப்பின் பெயரைக் கொடுத்தால், நீங்கள் வரிசைப்படுத்தி வைத்த ஃபைல்களில் மேலிருந்து கீழாகத் தேடும். முதலில் எங்கே கிடைக்கிறதோ அங்கேயே நின்று அந்த மதிப்பை எடுத்துக்கொண்டு வரும். மேலே இருப்பது குறிப்பிட்ட ஒரு சர்வருக்கானது, கீழே இருப்பது எல்லோருக்கும் பொதுவானது. கல்யாணத்தில் ஊர் வழக்கம் ஒன்று இருக்கும், பெண் வீட்டு வழக்கம் ஒன்று, மாப்பிள்ளை வீட்டு வழக்கம் ஒன்று. யாருடைய வழக்கம் முன்னே நிற்கும் என்று முதலிலேயே எழுதி வைத்துவிட்டால் பந்தலில் சண்டை வராது. ஹியராவின் படிநிலை அந்த எழுத்துதான்.

உங்கள் சர்வர்களையே எடுத்துக்கொள்வோம். எல்லாவற்றிலும் கடிகாரம் சரியாக ஓட வேண்டும், அதற்கு க்ரோனி வைத்திருப்பீர்கள். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு ஞாபகம் இருக்கிறதா? நிறுவனங்கள் தங்கள் கடிகாரங்களைத் தேசிய தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வர்களோடு, இல்லையென்றால் அவற்றைப் பின்பற்றும் சர்வர்களோடு இணைக்க வேண்டும் என்றது அது. பல நாடுகளில் சர்வர் வைத்திருப்பவர்கள் வேறு துல்லியமான நேர மூலத்தைப் பயன்படுத்தலாம், ஆனால் இந்த இரண்டின் நேரத்திலிருந்து விலகக் கூடாது. ஆக, கோவைக்கும் சென்னைக்கும் ஒரு பட்டியல், சிங்கப்பூருக்கு இன்னொன்று. இந்த மதிப்பு இடத்தைப் பொறுத்து மாறுகிறது. தாளில் ‘நேர சர்வர்: இடம்’ என்று எழுதுங்கள்.

இப்படியே ஒவ்வொரு இஃபையும் எடுத்து, அது உண்மையில் எதைக் கேட்கிறது என்று பாருங்கள். டிஎன்எஸ் முகவரி? இடம். வெப் சர்வரா, டேட்டாபேஸா என்பதைப் பொறுத்துத் திறக்கும் போர்ட்? சர்வரின் ரோல். ஒரே ஒரு பழைய சர்வரில் மட்டும் லாகை நாள்கணக்கில் அதிகம் வைக்க வேண்டும் என்கிறார்களா? அந்த நோடு (பப்பெட் கவனிக்கும் ஒவ்வொரு சர்வரும் ஒரு நோடு). எஸ்எஸ்எச்சில் ரூட் லாகின் கூடாது என்பது? எல்லோருக்கும், எதையும் பொறுத்து மாறாது. உங்கள் அளவு இடத்தில் பதில்கள் இந்த நான்குக்குள் அடங்கிவிடும் என்று நினைக்கிறேன். அந்த நான்குதான் உங்கள் அடுக்குகள். மேலிருந்து கீழாக: நோடு, ரோல், இடம், பொது.

ராக்கி, உபுன்டு வித்தியாசத்துக்கு ஓர் அடுக்கு வேண்டாமா என்று கேட்பீர்கள். பெரும்பாலும் வேண்டாம். க்ரோனியின் சர்வீஸ் பெயர் ராக்கியில் க்ரோனிடி, உபுன்டுவில் வெறும் க்ரோனி. கான்ஃபிக் ஃபைல் ராக்கியில் நேராக எட்சிக்குள், உபுன்டுவில் எட்சிக்குள் க்ரோனி என்ற ஃபோல்டரில். இதெல்லாம் உங்கள் நிறுவனத்தின் முடிவுகளா? இல்லையே, அந்தந்த ஓஎஸ்ஸின் குணம். அது மாட்யூலுக்குள்ளேயே (க்ரோனி மாதிரி ஒரு வேலைக்கான பப்பெட் கோடின் தொகுப்பு) இருக்க வேண்டிய விஷயம். ஹியரா 5 வந்ததிலிருந்து ஒவ்வொரு மாட்யூலும் தனக்கென ஒரு ஹியரா.யாமல் ஃபைலும் டேட்டா ஃபோல்டரும் வைத்துக்கொள்ளலாம். நீங்கள் எழுதிய மாட்யூல் என்றால் ஓஎஸ் வேறுபாட்டை அதற்குள் தள்ளுங்கள். வெளியிலிருந்து எடுத்த மாட்யூல் என்றால், பெரும்பாலும் அதை எழுதியவர்களே அந்த வேலையைச் செய்திருப்பார்கள்.

அடுக்கைக் குறைக்கச் சொல்லி நான் இவ்வளவு பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் உண்டு. ஆலோசனைக்காகப் போன ஓர் இடத்தில் நாடு, நகரம், கட்டடம், ரேக், வாடிக்கையாளர், ஓஎஸ், ஓஎஸ் பதிப்பு, ரோல், துணை ரோல் என்று அடுக்கிக்கொண்டே போயிருந்தார்கள். ரேக் ஃபோல்டரில் ஃபைலே கிடையாது. கேட்டால், ‘நாளைக்குத் தேவைப்படலாமே’ என்றார்கள். ஒரு போர்ட் எண் எங்கிருந்து வருகிறது என்று சொல்ல அந்த டீமில் ஒருவருக்குத்தான் தெரியும், அவரும் அன்று லீவு. தேவை வந்தபின் ஓர் அடுக்கைச் சேர்ப்பது ஒரு வரி வேலை. பத்து பேர் பயன்படுத்தத் தொடங்கிய அடுக்கை எடுப்பது அப்படியல்ல.

சரி, இனி கை வைக்கலாம். எட்சி, பப்பெட்லேப்ஸ், கோட், என்விரான்மென்ட்ஸ், புரொடக்‌ஷன் என்று உள்ளே போனால் ஹியரா.யாமல் என்று ஒரு ஃபைல் இருக்கும், இல்லையென்றால் உருவாக்குங்கள். முதல் வரியில் வெர்ஷன் 5. அடுத்து டிஃபால்ட்ஸ் பகுதி: அதில் டேட்டாடிர் என்பது டேட்டா, டேட்டா_ஹேஷ் என்பது யாமல்_டேட்டா. அப்புறம் ஹையரார்க்கி. அதன் கீழ் ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு பெயர், ஒரு பாத். நோடுக்கான பாத்தில் நோட்ஸ் ஃபோல்டரையும், சதவீதக் குறி போட்டு வளைந்த அடைப்புக்குறிக்குள் டிரஸ்டட்.சர்ட்நேம் என்பதையும் எழுதுவீர்கள். சர்வரின் சான்றிதழில் உள்ள பெயர் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். கடைசி அடுக்கின் பாத் வெறும் காமன்.யாமல். ஏதாவது ஓர் அடுக்கில் ஃபைலே இல்லாவிட்டாலும் ஹியரா கோபிக்காது, அடுத்ததற்குப் போய்விடும். இது வசதி. ஃபைல் பெயரில் ஓர் எழுத்து தவறினாலும் அதே அமைதிதான், அது ஆபத்து.

தேடும்போது, கோலனில் தொடங்கும் வரிகளோடு ஒரு ஹியரா.யாமல் மாதிரி கண்ணில் பட்டால் (கோலன், பேக்எண்ட்ஸ், மறுபடி கோலன் என்று இருக்கும்) அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். அது ஹியரா 3 காலத்து வடிவம். 2017 இல் பப்பெட் 4.9 உடன் ஹியரா 5 வந்தபோதே அதன் காலம் முடிந்தது. ஆளுக்கொரு மாதிரி சொல்கிறார்கள் என்றீர்களே, பாதிக் குழப்பம் இதனால்தான்.

அடுத்து, ‘இடம்’ என்பது பப்பெட்டுக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு சர்வரிலும் எட்சி, பப்பெட்லேப்ஸ், ஃபேக்டர், ஃபேக்ட்ஸ்.டி என்ற ஃபோல்டரில் ஒரு டெக்ஸ்ட் ஃபைல் போட்டு, அதில் ‘சைட், சமக்குறி, கோவை’ என்று ஒரே வரி எழுதினால் போதும், அது ஒரு ஃபேக்ட் (சர்வர் தன்னைப் பற்றிப் பப்பெட்டுக்குச் சொல்லும் தகவல்) ஆகிவிடும். கடிகாரத்துக்கும் டிஎன்எஸ்ஸுக்கும் இது தாராளம். ரோலுக்கு மட்டும் இந்த வழி வேண்டாம். ஏன் என்பதைக் கீழே பாஸ்வேர்டு கேள்வியில் சொல்லியிருக்கிறேன்.

மேனிஃபெஸ்டிலிருந்து முதலில் ஒரே ஒரு மதிப்பை வெளியே எடுங்கள். நேர சர்வர் பட்டியலே இருக்கட்டும். காமன்.யாமலில் க்ரோனி::சர்வர்ஸ் என்று கீ எழுதி, கீழே இந்தியப் பட்டியல். சிங்கப்பூர் ஃபைலில் அதே கீ, வேறு பட்டியல். மேனிஃபெஸ்டில் அந்த இஃபை முழுதாக அழித்துவிட்டு இன்க்லூட் க்ரோனி என்று மட்டும் விடுங்கள். கிளாஸ் பெயரும் (இங்கே க்ரோனி) பாராமீட்டர் பெயரும் (சர்வர்ஸ்) இரட்டைக் கோலனால் சேர்ந்தால் அதுவே கீ. பப்பெட் தானாகவே ஹியராவில் போய்ப் பார்த்துக்கொள்ளும், நீங்கள் எந்த ஃபங்ஷனையும் கூப்பிட வேண்டாம். பிறகு ஒவ்வோர் இடத்திலும் ஒரு சர்வரில் பப்பெட் ஏஜென்டை (ஒவ்வொரு சர்வரிலும் ஓடும் பப்பெட்டின் பகுதி) நோஆப் போட்டு ஓட்டுங்கள். எதையும் மாற்றாமல், மாற்றியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று மட்டும் சொல்லும். ஒரு மாற்றமும் காட்டக் கூடாது. காட்டவில்லை என்றால் அடுத்த இஃபுக்குப் போங்கள். காட்டினால் இரண்டில் ஒன்று: நீங்கள் எழுதியது தவறு, அல்லது பழைய இஃப் இவ்வளவு நாளும் தவறாக இருந்திருக்கிறது. இரண்டாவதும் அடிக்கடி நடக்கும், ஆச்சரியப்படாதீர்கள்.

இன்னொன்று. நோட்ஸ் ஃபோல்டரை மாதம் ஒருமுறை எட்டிப் பாருங்கள். ஐந்து சர்வர்களின் ஃபைலில் ஒரே மூன்று வரிகள் இருந்தால், அங்கே பெயர் வைக்காத ஒரு ரோல் ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம்.

கேள்வி: ஹியராவில் ஒரு கீயைத் தேடிக் காட்டும் பப்பெட் லுக்கப் கட்டளையில் சரியான மதிப்பு வருகிறது. ஆனால் சர்வரில் ஏஜென்ட் ஓடியபின் பார்த்தால் வேறு மதிப்பு. ஹியராவில் பிழை இருக்குமோ? — திருச்சி வாசகர்

பதில்: பிழை இருக்கலாம், ஆனால் அதைக் கடைசியாகச் சந்தேகப்படுங்கள். முதலில், கட்டளையை எங்கே, எப்படிக் கொடுத்தீர்கள்? நோடு என்ற ஆப்ஷனைப் போடாமல் விட்டால் நீங்கள் உட்கார்ந்திருக்கும் சர்வருக்கான பதில்தான் வரும். பப்பெட் சர்வரில், ரூட்டாக, நோடு பெயரையும் என்விரான்மென்ட் (புரொடக்‌ஷன், டெஸ்ட்டிங் மாதிரி தனித்தனியாக வைக்கும் கோடு) பெயரையும் சேர்த்துக் கொடுங்கள். அந்த நோடு உண்மையில் எந்த என்விரான்மென்டில் ஓடுகிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். டெஸ்ட்டிங்கில் தொங்கிக்கொண்டிருக்கும் சர்வருக்குப் புரொடக்‌ஷனில் தேடிக்கொண்டிருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அதுவும் சரி என்றால், மேனிஃபெஸ்டில் அந்தக் கிளாஸ் எப்படி அழைக்கப்படுகிறது? இன்க்லூட் என்றால் ஹியரா வேலை செய்யும். அதற்குப் பதில், கிளாஸ் என்று எழுதி அடைப்புக்குறிக்குள் பாராமீட்டரையும் மதிப்பையும் யாராவது கையால் கொடுத்திருந்தால் அதுதான் ஜெயிக்கும், ஹியராவை யாரும் கேட்கவே மாட்டார்கள். வரிசை இதுதான்: கையால் கொடுத்தது முதலில், அது இல்லையென்றால் ஹியரா, அதுவும் இல்லையென்றால் கிளாஸில் எழுதிய இயல்பு மதிப்பு. உங்கள் விஷயத்தில் எனக்கு இதன்மேல்தான் சந்தேகம். பழைய கோடில் கிளாஸ் பெயரைத் தேடிப் பாருங்கள்.

இதற்கு நேர்மாறாக, லுக்கப்பிலேயே எதிர்பாராத மதிப்பு வருகிறது என்றால் எக்ஸ்ப்ளெயின் என்ற ஆப்ஷனைச் சேருங்கள். எந்தெந்த ஃபைலைத் திறந்தது, எது இல்லை, எங்கே அந்தக் கீ இல்லை, எங்கே கிடைத்தது என்று படிப்படியாக எழுதிக் காட்டும். முதல் முறை பார்ப்பவர்கள் மிரண்டுவிடுகிறார்கள், ஏனென்றால் தொடக்கத்தில் ஒரு பெரிய பகுதி நீங்கள் கேட்காத ‘லுக்கப்_ஆப்ஷன்ஸ்’ என்ற கீயைத் தேடுவதாக இருக்கும். ஒவ்வொரு தேடலுக்கும் முன்னால் ஹியரா அதைப் பார்ப்பது வழக்கம். அதைத் தாண்டிக் கீழே வந்து, உங்கள் கீயின் பெயர் வரும் இடத்திலிருந்து படியுங்கள்.

அந்த வெளியீட்டின் உச்சியில் குளோபல் என்று ஓர் அடுக்கு தெரியும். எட்சி, பப்பெட்லேப்ஸ், பப்பெட் ஃபோல்டரில் இருக்கும் ஹியரா.யாமல் அது. என்விரான்மென்டுக்கு முன்னால் அது கேட்கப்படும். உங்களுக்கு முன்னால் வேலை பார்த்தவர் அதில் எதையாவது விட்டுப் போயிருந்தால், நீங்கள் கீழே எவ்வளவு அழகாக எழுதினாலும் அதுதான் வரும். என் இடத்தில் அதைக் காலியாகவே வைத்திருக்கிறேன்.

கேள்வி: மேடம், எல்லா சர்வர்களிலும் இருக்க வேண்டிய பயனர் கணக்குகளைக் காமன்.யாமலில் வைத்திருக்கிறோம். ஒரு சர்வரில் மட்டும் ஆடிட்டருக்கு ஒரு கணக்கு தேவைப்பட்டது. அந்த நோடின் ஃபைலில் அவர் பெயரைச் சேர்த்தேன். இப்போது அந்த சர்வருக்குப் பப்பெட் ஆடிட்டர் கணக்கை மட்டும்தான் கவனிக்கிறது, மற்றவர்களை விட்டுவிட்டது. சேர்த்தால் சேர வேண்டாமா? — மதுரை வாசகி

பதில்: சேராது. முதலில் கிடைத்ததோடு தேடலை நிறுத்துவதுதான் ஹியராவின் இயல்பு. நோடு ஃபைலில் அந்தக் கீ கிடைத்தவுடன் காமன்.யாமலைத் திறக்கவேயில்லை. நேர சர்வர் பட்டியலுக்கு இதுதான் வேண்டும், சிங்கப்பூருக்கு இந்தியப் பட்டியலும் சேர்ந்து வந்தால் தொல்லை. பயனர் கணக்குகளுக்கு இது ஆகாது. ஆகவே எந்தக் கீயைச் சேர்க்க வேண்டும், எதை மாற்றிப் போட வேண்டும் என்று கீ கீயாக நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

சொல்லும் இடம் காமன்.யாமலில் லுக்கப்_ஆப்ஷன்ஸ் என்ற கீ. மேலே எக்ஸ்ப்ளெயினில் பார்த்தோமே, அதேதான். அதன் கீழ் உங்கள் கீயின் பெயரை எழுதி, மெர்ஜ் என்பதற்கு ஒரு முறையைக் கொடுங்கள். வெறும் பட்டியல் என்றால் யூனிக்: எல்லா அடுக்கிலிருந்தும் சேர்த்து, இரண்டு முறை வருவதை ஒன்றாக்கிவிடும். பயனர் கணக்கு மாதிரி பெயர், அதன் கீழ் விவரம் என்று இருந்தால் ஹேஷ் அல்லது டீப். இரண்டுக்கும் வித்தியாசம் இப்படி: காமனில் ‘டெப்ளாய்’ என்ற கணக்குக்கு யுஐடி, ஷெல், குரூப் மூன்றும் கொடுத்திருக்கிறீர்கள். நோடு ஃபைலில் அதே கணக்குக்கு ஷெல்லை மட்டும் மாற்றி எழுதுகிறீர்கள். ஹேஷ் என்றால் நோடில் எழுதிய ஷெல் மட்டும்தான் மிஞ்சும், யுஐடியும் குரூப்பும் போய்விடும். டீப் என்றால் உள்ளே இறங்கி, ஷெல்லை மட்டும் மாற்றிவிட்டு மற்ற இரண்டையும் காமனிலிருந்தே எடுத்துக்கொள்ளும். உங்களுக்கு டீப்.

ஆனால் டீப்பை எல்லாக் கீக்கும் பொதுவாகப் போட்டுவிடாதீர்கள். டீப்பில் உள்ளே இருக்கும் பட்டியல்களும் ஒன்றாகச் சேரும். ஒரு சர்வருக்கு மட்டும் குரூப்பைக் குறைக்க நினைத்து நோடு ஃபைலில் சின்னப் பட்டியல் எழுதினால் ஒன்றும் குறையாது, காமனில் உள்ளதும் கூடவே வந்து நிற்கும். இதற்காக நாக்அவுட் பிரிஃபிக்ஸ் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், பெயருக்கு முன்னால் குறியிட்டால் அது நீக்கப்படும். நான் அதைத் தொடுவதில்லை. கீழ் அடுக்கில் இருப்பதை மேல் அடுக்கிலிருந்து அடிக்க வேண்டிய நிலை வந்தால், அந்த மதிப்பு அந்தக் கீழ் அடுக்கில் இருக்க வேண்டியதே இல்லை.

ஆடிட்டர் வேலை முடிந்து போகும்போது ஒரு விஷயம். அவர் பெயரை ஃபைலிலிருந்து அழித்தால் கணக்கு அழியாது! பப்பெட் அந்தக் கணக்கைக் கவனிப்பதை நிறுத்தும், அவ்வளவுதான். கணக்கு சர்வரிலேயே இருக்கும், அவர் பாஸ்வேர்டும் வேலை செய்யும். உங்கள் கதையில் மற்ற கணக்குகள் சர்வரை விட்டுப் போகாததும் இதனால்தான். பெயரை விட்டுவைத்து, என்ஷ்யூர் என்பதை ஆப்சென்ட் ஆக்குங்கள். அந்த சர்வரில் ஏஜென்ட் ஒருமுறை ஓடி, கணக்கு போய்விட்டது என்று பார்த்தபின் வரியை எடுக்கலாம். ஏஜென்ட் இயல்பாக அரை மணிக்கு ஒருமுறை ஓடும், ஆனால் அணைத்து வைத்திருக்கும் சர்வர் ஓடாது. அதனால் அவசரப்படாமல் கொஞ்ச நாள் விட்டுவையுங்கள்.

கேள்வி: டேட்டாபேஸ் பாஸ்வேர்டை யாமல் ஃபைலில் எழுதி, கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் போட்டிருக்கிறார்கள். புதிதாகச் சேர்ந்த நான் இது தப்பு என்றால், ‘ரெப்போ பிரைவேட்தான்’ என்கிறார்கள். என்ன செய்யலாம்? — சென்னை வாசகர், பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்

பதில்: பிரைவேட் ரெப்போவை எத்தனை லேப்டாப்களில் குளோன் செய்திருக்கிறார்கள், அதில் எத்தனை பேர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள் என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். அதற்குமேல் வாதாட வேண்டியிருக்காது.

மதிப்புகளைப் பூட்டி (என்க்ரிப்ட் செய்து) வைக்க ஹியரா-ஈயாமல் இருக்கிறது. பப்பெட் சர்வரோடு கூடவே வந்துவிடும், எழுதுகிறவரின் லேப்டாப்பில் மட்டும் ஜெம்மாக நிறுவிக்கொள்ள வேண்டும். ஈயாமல் கிரியேட்கீஸ் என்றால் ஒரு ஜோடி சாவி உருவாகும். பொதுச் சாவியை டீமில் எல்லோருக்கும் கொடுக்கலாம், அதை வைத்துப் பூட்டத்தான் முடியும். தனிச் சாவி பப்பெட் சர்வரில் மட்டும், பப்பெட் பயனரின் பெயரில், 0400 அனுமதியோடு. ஒரு பிரதி ஆஃப்லைனில் பத்திரமாக. தொலைந்தால் பூட்டிய எதையும் திறக்க முடியாது. அது ரெப்போவுக்குள் போய்விடாமல் கிட் இக்னோரில் இன்றே சேர்த்துவிடுங்கள், ஏனென்றால் அந்தக் கட்டளை நீங்கள் நிற்கும் ஃபோல்டரிலேயே கீஸ் என்று ஒரு ஃபோல்டரை உருவாக்கும். ஹியரா.யாமலில் அந்த அடுக்குக்கு லுக்கப்_கீ என்பதற்கு ஈயாமல்_லுக்கப்_கீ என்று எழுதி, இரண்டு சாவிகளும் இருக்கும் இடத்தை ஆப்ஷன்ஸில் கொடுங்கள். பூட்டுவது மதிப்பை மட்டும்தான். கீயின் பெயர் அப்படியே தெரியும், அதனால் கிட்டில் யார் எதை மாற்றினார்கள் என்று பார்க்க முடியும். ஏற்கெனவே கிட்டில் போன பாஸ்வேர்டுகளைப் பூட்டிப் பயனில்லை, பழைய கமிட்டில் அவை தெரியும். ஒவ்வொன்றையும் மாற்றிவிட்டுப் புதியதைப் பூட்டுங்கள்.

இதோடு நிற்கக் கூடாது. பூட்டிய மதிப்பைப் பப்பெட் சர்வர் திறந்து, கேட்லாகில் (அந்த நோடு எப்படி இருக்க வேண்டும் என்ற பட்டியல்) வைத்து நோடுக்கு அனுப்பும். எந்த நோடுக்கு? ரோல் அடுக்கு எதை வைத்து முடிவு செய்கிறதோ அந்த நோடுக்கு. ரோலை ஒரு சாதாரண ஃபேக்ட்டாக வைத்திருந்தால், அதைச் சொல்வது அந்த சர்வர்தான். ஒரு வெப் சர்வருக்குள் நுழைந்து ரூட் ஆனவன், ஃபேக்ட்ஸ்.டி ஃபைலில் ‘நான் டேட்டாபேஸ்’ என்று ஒரு வரி எழுதி ஏஜென்டை ஓட்டினால், உங்கள் பப்பெட் சர்வர் மரியாதையாக டேட்டாபேஸ் பாஸ்வேர்டைத் திறந்து அவன் கையில் கொடுத்துவிடும். ஈயாமல் போட்டதற்கு அர்த்தமே போய்விடும். கோவைத் தம்பிக்கு ரோல் விஷயத்தில் வேண்டாம் என்று சொன்னது இதற்காகத்தான்.

ரோலைச் சான்றிதழுக்குள் வையுங்கள். புதிய சர்வர் முதல்முறை சான்றிதழ் கேட்கும் முன்பே, எட்சி, பப்பெட்லேப்ஸ், பப்பெட் ஃபோல்டரில் சிஎஸ்ஆர்_ஆட்ரிப்யூட்ஸ்.யாமல் என்ற ஃபைலில் பிபி_ரோல் என்று எழுதிவிட வேண்டும். நீங்கள் கோரிக்கையைப் பார்த்து, சரியென்று ஒப்பமிட்டபின் அது சான்றிதழின் பகுதி. அந்த சர்வரே நினைத்தாலும் மாற்ற முடியாது. ஹியராவில் அதை டிரஸ்டட்.எக்ஸ்டென்ஷன்ஸ்.பிபி_ரோல் என்று எடுக்கலாம். ரோல் மாறினால் புதுச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்பது தலைவலிதான். ஆனால் ஒரு சர்வர் திடீரென்று டேட்டாபேஸ் ஆவது அவ்வளவு சுலபமாக இருக்கவும் கூடாது. வரும் கோரிக்கையையெல்லாம் தானாக ஒப்பமிடும் ஆட்டோசைனை ஆன் செய்து வைத்திருந்தால் இவ்வளவும் வீண், அதையும் பார்த்துவிடுங்கள்.

லாகில் பாஸ்வேர்டு தெரியாமல் இருக்க, லுக்கப்_ஆப்ஷன்ஸில் அந்தக் கீக்கு கன்வர்ட்_டூ என்பதை சென்சிட்டிவ் ஆக்குங்கள். லாகிலும் ரிப்போர்ட்டிலும் மறைந்துவிடும். நோடில் சேமிக்கப்படும் கேட்லாகில் மறையாது, அதனால் அந்த நோடில் ரூட்டாக இருப்பவருக்கு அது தெரியும் என்ற கணக்கிலேயே திட்டமிடுங்கள்.

கேள்வி: பப்பெட்டின் காலம் முடிந்துவிட்டது, இனி ஹியரா கற்று என்ன பயன் என்கிறார் நண்பர். உண்மையா? — ஈரோடு மாணவர்

பதில்: பப்பெட் நிறுவனத்தை 2022 இல் பெர்ஃபோர்ஸ் வாங்கியது. 2024 இறுதியில் தொகுப்புகளைப் பொதுவில் வெளியிடும் முறையை அவர்கள் மாற்றப்போவதாகச் சொன்னதும், வாக்ஸ் புப்புலி என்ற சமூகம் 2025 தொடக்கத்தில் ஓப்பன்வாக்ஸ் என்ற கிளையைக் கொண்டுவந்தது. ஹியரா அதிலும் அப்படியே இருக்கிறது, உங்கள் யாமல் ஃபைல்களை மாற்ற வேண்டியதில்லை. இதே வேலைக்கான இன்னொரு கருவியான அன்சிபிள் பக்கம் போனாலும் குரூப்_வார்ஸ், ஹோஸ்ட்_வார்ஸ் என்று, பொதுவானதிலிருந்து ஒரு சர்வருக்கானது வரை இதே மாதிரி வரிசைதான் வரும். தாராளமாகக் கற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஹியராவில் ஃபைல் மோடை 0644 என்று எழுதினேன். பப்பெட் அது எழுத்துச் சரமாக இருக்க வேண்டும் என்று திட்டுகிறது, லுக்கப்பில் பார்த்தால் 420 என்று காட்டுகிறது. நான் 420 என்று எங்கேயும் எழுதவில்லையே! — சேலம் வாசகி

பதில்: யாமல்தான் எழுதியது. மேற்கோள் குறி இல்லாமல் சுழியத்தில் தொடங்கும் எண்ணை அது எண்ம எண்ணாக, அதாவது எட்டை அடிப்படையாகக் கொண்ட எண்ணாக எடுத்துக்கொள்ளும். எண்மத்தில் 644 நம் கணக்கில் 420. மேற்கோள் குறிக்குள் போடுங்கள். பேக்கேஜ் பதிப்பு 1.10 என்றாலும் அப்படியே, இல்லையென்றால் கடைசிச் சுழியத்தை விழுங்கிவிட்டு 1.1 ஆக்கும். நோ என்று மொட்டையாக எழுதினால் ‘பொய்’ என்ற தருக்க மதிப்பாகிவிடும். சதவீதக் குறியில் தொடங்கும் மதிப்புக்கும் மேற்கோள் குறி கட்டாயம், போடாவிட்டால் அந்த ஃபைலையே படிக்காது. அப்புறம், டேப் அடித்து உள்தள்ளாதீர்கள். ஸ்பேஸ் மட்டும்.